மூன்று அட்டை கால்சியமும் தீராத கால் உளைச்சலும்

கால் உளைகிறதா, ஒரு கால்சியம் மாத்திரை. போகவில்லையா, இன்னொன்று. அதற்கும் கேட்கவில்லையா, பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிற ‘நல்ல கம்பெனி’ மாத்திரை. அண்மையில் வந்த ஒரு அம்மா பையிலிருந்து எடுத்து வைத்த அட்டைகளில் மூன்று வெவ்வேறு பெயர்கள். பின்பக்கம் திருப்பினால் மூன்றிலும் 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட். தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் அவரால் எழ முடியவில்லை. இரத்தத்தில் வைட்டமின் டி பார்த்தோம். இருபதுக்குக் குறையாமல் இருக்க வேண்டியது, ஏழுதான் இருந்தது. “இவ்வளவு கால்சியம் சாப்பிட்டும் ஏன் டாக்டர் உடம்பில் ஒட்டவில்லை?” என்று மகன் கேட்டார். நல்ல கேள்வி. மூன்றாவது அட்டையை வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்கலாம்.

விழுங்கியது உடம்புக்குள் போய்விட்டது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். போகவில்லை. குடலுக்குள் கிடக்கும் வரை அது உடம்புக்கு வெளியேதான் கிடக்கிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் செல்களைக் கடந்து இரத்தத்தில் சேர்ந்தால்தான் அது உங்களுடையது. கடப்பதும் லேசான காரியம் இல்லை. செல்லுக்குள் கட்டற்றுத் திரியும் கால்சியம், இரத்தத்தில் உள்ளதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த அளவு எகிறினால் செல்லே செத்துவிடும். ஆகவே உள்ளே நுழைகிற கால்சியத்தை உடனே பிடித்துக்கொள்ள ஒரு புரதம் தேவைப்படுகிறது. அதன் பெயர் கால்பைண்டின். ஒரு மூலக்கூறு இரண்டு கால்சியம் அயனிகளைப் பிடித்துச் செல்லின் அடிப்பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கிருந்து இரத்தத்துக்குள் தள்ள வேறு பம்புகள் இருக்கின்றன.

இந்தப் புரதம் குடல் முழுவதும் ஒரே சீராக இல்லை. இரைப்பையை ஒட்டிய முன்சிறுகுடலில்தான் மிக அதிகம், கீழே போகப் போகக் குறைந்துவிடும். அந்த முன்சிறுகுடலிலும், குடலுறிஞ்சியைப் போர்த்தியிருக்கும் உயரமான உறிஞ்சு செல்களுக்குள்தான் நிறைந்திருக்கிறது. புதுச் செல்கள் பிறக்கும் அடிக்குழிகளில் மிகக் குறைவு. நடுநடுவே சளி சுரந்துகொண்டிருக்கும் கோப்பைச் செல்களில் இல்லை. 1966இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வாசர்மேனும் டெய்லரும் கோழிக்குஞ்சின் குடலில் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அடுத்து ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தபோது, இது கோப்பைச் செல்களில் இருப்பதாகத்தான் முதலில் தெரிந்தது. பிந்தைய ஆய்வுகள்தான் அதைத் திருத்தின. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சக மருத்துவர்கள் பிடித்துக்கொள்வார்கள்: கால்பைண்டின் மரபணுவை நீக்கிய எலிகளும் இரத்தக் கால்சியம் குறையாமல் வாழ்ந்திருக்கின்றன. ஆகவே இது ஒன்றே வழி என்று நான் சொல்லவில்லை. செல்களின் இடைவெளி வழியாகவும் கொஞ்சம் கசியும். ஆனால் செல் வழியாக நடக்கும் இந்த முழு ஏற்பாட்டையும் இயக்குவது வைட்டமின் டி. அது சிறுநீரகத்தில் செயல்வடிவம் பெற்று, குடல் செல்லின் உட்கருவுக்குள் போய், புரதத்தைச் செய் என்று உத்தரவு போடுகிறது. குடல் செல்கள் சில நாட்களில் உதிர்ந்து புதிதாக முளைப்பவை என்பதால் அந்த உத்தரவு ஓயாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

வராவிட்டால்? வைட்டமின் டி போதுமான அளவு இருப்பவருக்குச் சாப்பிட்ட கால்சியத்தில் 30 முதல் 40 சதவீதம் சேரும் என்றால், குறைந்தவருக்கு 10 முதல் 15 சதவீதம்தான். இறக்க ஆள் இல்லாத கிடங்கு வாசலில் மேலும் ஒரு லாரியைக் கொண்டுவந்து நிறுத்துவதைத்தான் மூன்றாவது அட்டை செய்கிறது. மலச்சிக்கல் மட்டும் உபரி.

“அப்படியானால் அந்தப் புரதத்தையே பொடியாக வாங்கிக் குடிக்கலாமா?” என்று கேட்பவர்களும் உண்டு. வயிற்றில் செரித்துப்போகும், ஐயா. அது உங்கள் செல்லுக்குள்ளேயே தயாராக வேண்டியது.

இதைச் சொல்லவே பயமாக இருக்கிறது. வைட்டமின் டிதான் முக்கியம் என்றதும் மறுநாளே 60,000 யூனிட் பொடியைத் தினமும் கலக்கிக் குடிக்க ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அது வாரம் ஒரு முறை, அதுவும் குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரப்படும் அளவு. அப்படித் தினமும் குடித்த ஒரு பெரியவர் வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், பேச்சுக் குழறலோடு வந்தார். இரத்தக் கால்சியம் பத்தரையைத் தாண்டக் கூடாது, அவருக்கு 14. சிறுநீரகமும் பழுதுபடத் தொடங்கியிருந்தது. கொழுப்பில் தேங்கும் வைட்டமின் என்பதால் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் ஆட்டிவைத்தது.

கால்சியத்தை ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிடாதீர்கள். 1250 மில்லிகிராம் கார்பனேட்டில் இருப்பதே 500 தான். கார்பனேட்டைச் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள், அதற்கு அமிலம் வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு நாள்தோறும் மாத்திரை போடுபவர்கள் சிட்ரேட் வகையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி இருக்கட்டும், இரும்புச் சத்து மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். பாலும் தயிரும் கேழ்வரகும் முள்ளோடு தின்னும் நெத்திலியும் இருக்கும்போது பசலைக்கீரையை நம்பாதீர்கள். அதில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வெயில் காய்ந்தால் வைட்டமின் டி உருவாகாது. முன்சிறுகுடலைத் தவிர்த்து உணவை வழிமாற்றும் உடல் பருமன் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயால் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோனவர்களும் தயவுசெய்து சுயவைத்தியம் செய்யாதீர்கள்.

மருந்துக்கடை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த 60,000 யூனிட் பொடியைக் கொடுக்கும்போது உறையின் மேல் ‘ஞாயிறு மட்டும்’ என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.