காட்டு ஆமைக்குக் குசினிச் சோறு

வனவிலங்குகளை வீட்டில் வளர்க்க அனுமதித்தால் என்ன என்று யாழ்ப்பாணத்தில் என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனதுக்காரர்கள். மிருக வைத்தியராக என் பதில், வேண்டாம். அடித்துத் துன்புறுத்தப்பட்ட விலங்குகளைவிட, செல்லமாக வளர்த்துக் கெடுத்தவைதான் என்னிடம் அதிகம் வருகின்றன.

நட்சத்திர ஆமையையே எடுங்கள். வன்னிப் பக்கம் போய் வரும்போது வீதியில் கண்டு, "பாவம், வாகனம் ஏறிவிடும்" என்று தூக்கி வருவார்கள். (ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொன்ன ஊரில், இப்போது ஆமை இருந்தால் காசு சேருமாம்!) குசினி மூலையில் சீமெந்துத் தரை, சோறு, பாண், கொஞ்சம் கோவா. "நல்லாத்தான் சாப்பிடுது டொக்டர், ஆனா நடக்குதில்லை" என்று கொண்டுவரும்போது வயிற்றுப் பக்க ஓட்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பேன். கல்லாக இருக்க வேண்டியது உள்ளே அமுங்கும்.

புல்லும் இலையும் தின்று வெயிலில் திரிய வேண்டிய பிராணி அது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால்தான் உடலில் விற்றமின் டி உண்டாகும். அது இல்லாமல் கல்சியம் உடலில் சேராது. சோற்றிலும் பாணிலும் கல்சியமே சொற்பம். இரத்தத்துக்குத் தேவையானதை உடல் எலும்பிலிருந்தும் ஓட்டிலிருந்தும் உருவிக்கொள்ளும். யன்னல் வெளிச்சம் உதவாது, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். முதுகு ஓடு கூம்பு கூம்பாக எழும்பிவிட்டால் எந்த மருந்தாலும் சமப்படுத்த முடியாது. கிணற்றில் விட்டவர்களும் உண்டு. இது நிலத்தாமை, நீந்தத் தெரியாது.

கிளிப்பிள்ளை கதையும் இதுதான். பட்ட பனையின் பொந்திலிருந்து குஞ்சை எடுத்துச் சோறும் மிளகாயும் கொடுத்தால் எலும்பு உரமாகாது. அதன் எச்சத் தூசியால் நியூமோனியா வரை போகும் கிளிக்காய்ச்சல் நமக்கும் தொற்றலாம். சரி, கூட்டைத் திறந்துவிட்டால்? இரை தேடப் பழகாதது காகத்துக்குத்தான் இரை.

இலங்கையில் நட்சத்திர ஆமை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது; பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். 2019இல், அருகிவரும் உயிரினங்களின் நாடுகளுக்கிடையிலான வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் சேர்த்து, வெளிநாட்டு வியாபாரத்தையும் தடுத்தார்கள். அனுமதிப்பத்திரம் கொடுத்துக் கண்காணிக்கலாமே என்பவர்களிடம் கேட்கிறேன்: ஒவ்வொரு குசினியாக யார் போய்ப் பார்ப்பது? வீட்டில் பொரித்த குஞ்சு என்று பத்திரம் காட்டினால், காட்டில் பிடித்ததை எப்படிப் பிரித்தறிவது?

ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருந்தால் பற்றைக்குள் கொண்டுபோய் விடாதீர்கள். வீட்டில் தொற்றிய நோயைக் காட்டிலுள்ளவற்றுக்கும் கொடுத்துவிடும். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தை 1992 என்ற இலக்கத்தில் அழையுங்கள். வீதியில் கண்டால், அது போகும் திசையிலேயே வீதியைக் கடத்திவிட்டு வாருங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஆமையின் ஓட்டில் சல்மொனெல்லாக் கிருமி இருக்கலாம்.