தலையெடுப்பு: ‘எம்பவர்மென்ட்’டுக்கு ஒரு தமிழ்ச் சொல்

இளையோருக்கான மாயக் கதைகள் எழுதுகிறவர்கள் ‘எம்பவர்மென்ட்’டுக்குச் சரியான தமிழ்ச் சொல்லைத் தேட வேண்டியிருக்கிறது. ‘பவர்’ என்பதிலிருந்தே தொடங்குவோம். கடலூரில் பத்திரப் பதிவு அலுவலகம் பக்கம் போனால் ‘பவர்’ என்ற சொல் காதில் விழாமல் திரும்ப முடியாது. “தம்பி பேருக்கு பவர் எழுதிக் கொடுத்துட்டேன்” என்பார்கள். நிலம் அண்ணனுடையது, கையெழுத்து மட்டும் தம்பியுடையது. அண்ணன் நினைத்தால் ரத்து செய்யலாம். அண்ணன் காலமானால் பொதுவாக அந்தப் பவரும் கூடவே போய்விடும்.

‘எம்பவர்’ என்ற ஆங்கில வினை 17ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தபோது ஏறக்குறைய இதுதான் பொருள்: தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்குச் சட்டப்படி உரிமை தருவது. ஒடுக்கப்பட்டவர் தம் வாழ்வைத் தாமே கையிலெடுப்பது என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், சமூக இயக்கங்கள் வழியாகப் பரவியது. ஏறக்குறைய 12 முதல் 18 வயது வரையுள்ள வாசகர்களுக்கான இளையோர் மிகுபுனைவில் (ஃபேன்டஸி கதைகளில்) பேசப்படுவது இந்தப் பிந்திய பொருள்தான்.

நம் மொழிபெயர்ப்போ முதல் பொருளிலேயே நின்றுவிட்டது. ‘அதிகாரமளித்தல்’ என்பது ஒன்றிய அமைச்சகத்தின் பெயரில் இருக்கிறது. அங்கே பொருந்தவும் செய்கிறது, ஏனென்றால் அளிக்க ஓர் அரசு இருக்கிறது. இலங்கைத் தமிழில் ‘வலுவூட்டல்’ வழங்குகிறது. கொஞ்சம் கனிவான சொல், ஆனால் ஊட்டுகிற கை அங்கும் வேறொருவருடையது. பள்ளி இலக்கணத்தில் திருந்தினான் தன்வினை, திருத்தினான் பிறவினை என்று படித்தோம். இளம் நாயகர்களின் வளர்ச்சி தன்வினை. அதைப் பிறவினைச் சொல்லால் குறித்துக்கொண்டு எழுத உட்காருகிறவர், நான்காம் அத்தியாயத்தில் ஒரு முனிவரைக் கூட்டிவந்து மந்திரம் கொடுக்கவைப்பார். அது பவர் பத்திரம். முனிவர் இறந்த பிறகும் மந்திரம் ஏன் வேலை செய்கிறது என்று பதினான்கு வயது வாசகி கேட்டால் பதில் இருக்காது.

சொல்லின் வேர் பற்றிப் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். ‘பவர்’ பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. இன்றைய பிரெஞ்சில் அது ‘புவார்’: பெயராக நின்றால் அதிகாரம், வினையாக நின்றால் ‘முடிதல்’. என்னால் முடியும் என்பதும் என்னிடம் அதிகாரம் இருக்கிறது என்பதும் ஒரே சொல்லில். தமிழில் அதற்கு நெருங்கி வருவது ‘ஆற்றல்’. ஆனால் அது ஒரு படி மேலே போகிறது. ஆற்றுதல் என்றால் செய்தல், கூடவே பொறுத்தல். 225ஆம் குறளில் ஆற்றுவாரின் ஆற்றல் பசியை ஆற்றல், அதாவது பசியைத் தாங்குவது. திறமையும் தாங்குதலும் சேர்ந்த இந்தச் சொல்லைக் கதையின் மாயசக்திக்கு வைத்துக்கொள்ளலாம். வளர்ச்சிக்கு வைக்க முடியாது. ஆற்றல் என்பது இருப்பு, நமக்கு வேண்டியது நிகழ்வு.

அந்த நிகழ்வுக்கான சொல் வீட்டிலேயே இருக்கிறது. “மூத்தவன் தலையெடுத்துட்டா கடன் அடைஞ்சிடும்.” இதில் வயது இருக்கிறது, திறமை இருக்கிறது, பிறர் சுமையை ஏற்பதும் இருக்கிறது. எடுப்பது தன் தலையை. இன்னொருவருக்காக யாரும் தலையெடுத்துக் கொடுக்க முடியாது. ஆகவே தலையெடுப்பு.

இக்கதைகளில் ‘எம்பவர்மென்ட்’டோடு கூடவே வரும் ‘ஐடென்டிட்டி’க்கு ‘அடையாளம்’ என்கிறோம். அதன் பழைய வேலை வேறு. பெரியாழ்வார் பாசுரத்தில் அனுமன் சீதையிடம் நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி ‘ஓர் அடையாளம்’ என்று முடிப்பான், கடைசியில் மோதிரத்தைக் காட்டுவான். அடையாளம் என்பது பிறர் நம்மை நம்புவதற்கான சான்று. தோளில் மச்சம், பரம்பரை வாள், தொலைந்த இளவரசி என்று கதைகள் சறுக்குவது இந்தப் பொருளில்தான். மச்சம் அவளை யாருடைய மகள் என்று சொல்லும், யார் என்று சொல்லாது. இரண்டாவதற்குத் ‘தன்னறிவு’ பரவாயில்லை.

சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல் ஆண் பருவங்களை எண்ணும்போது 15 வயதினனைத் திறலோன், அதாவது வலிமை உடையவன் என்கிறது, 16 என்றால் காளை. பெண் பருவங்கள் ஏழில் திறல் எங்கும் இல்லை. 14 முதல் 19 வரை மடந்தை, அவ்வளவுதான். எனவே எடுத்துக்காட்டுக்கு ஒரு பெண்ணையே எடுப்போம்.

கடலூர்க் கடற்கரையில், தேவனாம்பட்டினத்தில் 15 வயதுக்காரி. தண்ணீரில் கை வைத்தால் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று தெரியும். இருபது அத்தியாயம் என்று கொள்வோம். முதல் மூன்றில் ஆற்றல் வரக்கூடாது. அவளுக்கு என்ன வேண்டும், எதில் தோற்கிறாள் என்பது மட்டும். நான்கில் வரட்டும், அவள் கேட்காமலே, ஒரு வலை அறுந்துபோகும்படி. அதற்கு விலை வேண்டும்: ஒருமுறை கை வைத்தால் அரை நாள் விரல்கள் மரத்துப்போகும், வலை பின்ன முடியாது. எட்டு, ஒன்பதில் சரியாகக் கணித்தும் தோற்க வேண்டும், ஊர் அவளை நம்பாததால். வழிகாட்டும் ஆயா பன்னிரண்டுக்குள் கதையை விட்டு விலக வேண்டும். சாகத்தான் வேண்டும் என்றில்லை, பேத்தியோடு கருத்து மாறுபட்டாலே போதும். சாவை விட அது கடினமான அத்தியாயம், நன்றாகவும் வரும். பதினேழில் முடிவு: மரத்த கையோடு தானே படகெடுப்பதா, ஊரைக் கூட்டிப் பேசுவதா?

பதினெட்டில் அவளுக்குத் திடீரென்று மீன்களோடு பேச வந்தால் கதை முடிந்தது. முன்பே ஊன்றாத ஆற்றல் கடைசியில் முளைத்தால், அதுவரை அவள் பட்டது அத்தனையும் வீண்.

கையெழுத்துப் பிரதியைச் சோதிக்க இலக்கணமே போதும். உச்ச அத்தியாயத்தில் அவளைப் பற்றிய முற்றுவினைகளை அடிக்கோடிடுங்கள். ‘தரப்பட்டது’, ‘காப்பாற்றப்பட்டாள்’, ‘தேர்ந்தெடுக்கப்பட்டாள்’ என்று வரிசையாக வந்தால் அவள் இன்னும் தலையெடுக்கவில்லை. அடுத்து, ஆற்றல் வரும் வரிகளை மட்டும் நீக்கிப் படியுங்கள். அவள் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றாவது மிஞ்ச வேண்டும்.

சொல்லாட்சியில் ஓர் எச்சரிக்கை. ‘தலைதூக்குதல்’ பக்கத்துச் சொல்தான், ஆனால் நோயும் கலவரமும் வன்முறையும்தான் பெரும்பாலும் தலைதூக்கும். அதை வில்லனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.