காகிதப்பூவுக்கும் செம்பருத்திக்கும் ஒரே மக் தண்ணீரா?

தோட்டப் பராமரிப்பு வேலையில் எனக்கு வந்து சேரும் படங்களில் பாதி இந்த இரண்டு செடிகளுடையவைதான். பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் ஒன்றில் காகிதப்பூ, அதாவது போகன்வில்லா, இன்னொன்றில் செம்பருத்தி. காகிதப்பூ தளதளவென்று இலையாக நிற்கும், பூ ஒன்றுகூட இருக்காது. செம்பருத்தி மொட்டாக வைக்கும், விரிவதற்குள் கீழே போட்டுவிடும். கூடவே ஒரு கேள்வி வரும்: "என்ன உரம் போடலாம்?" நான் உரத்தை விட்டுவிட்டு, தண்ணீர் எப்படி ஊற்றுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். தினமும் காலையில், ஆளுக்கு ஒரு மக்.

அந்த ஒரு மக்தான் பிரச்சினை. காகிதப்பூவுக்கு அது அடிக்கடி, வெயில் காலத்துச் செம்பருத்திக்கு அது போதாது. ஒரே அளவு, இரண்டு விதமான தொல்லை.

முதலில் காகிதப்பூ. தென் அமெரிக்கச் செடி. பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியின் உலகப் பயணத்தில் கூடப் போன தாவரவியலாளர் கொமெர்சோன் 1767இல் ரியோ டி ஜெனிரோ பக்கம் இதைச் சேகரித்தார், அதனால்தான் அந்தப் பெயர். (ஆண் வேடத்தில் கப்பலேறிய ழான் பாரே என்ற பெண்தான் அவருடைய உதவியாளர், அது தனிக் கதை.) மழைக்காலம் முடிந்து மண் காய்ந்து கிடக்கும்போது பூத்துக் குலுங்குவது இதன் சுபாவம். வேரில் எப்போதும் ஈரம் இருந்தால் இலையும் கிளையுமாக வளர்ந்துகொண்டே போகும், பூக்க வேண்டிய அவசியமே அதற்கு வராது. கொஞ்சம் தாகம் வந்தால்தான் பூவின் பக்கம் திரும்பும். நாம் பூ என்று சொல்லும் அந்த மெல்லிய வண்ணத் தாள்கள் பூவே இல்லை, பூவடிச் செதில்கள். மூன்று செதில்களுக்கு நடுவே தீக்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன வெளிர்நிறக் குழல்கள்தான் நிஜப் பூ. ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள்.

சரி, எப்போது ஊற்றுவது? நாள் கணக்கு வேண்டாம். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். உள்ளே உலர்ந்திருந்து, நுனி இலைகளும் லேசாகத் தொங்க ஆரம்பித்திருந்தால் அடித்துளை வழியாக வெளியேறும் அளவுக்கு நன்றாக ஊற்றிவிட்டு, மறுபடி காயும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். அதற்காக வாரக்கணக்கில் மறந்துவிடவும் கூடாது, தொட்டியில் இருக்கும் செடிக்குத் தேடிப் போக வேறு மண் கிடையாது. வெயில் மட்டும் பேரம் பேச முடியாத விஷயம். நேரடி வெயில் குறைந்தது 6 மணி நேரம் விழாத இடத்தில் காகிதப்பூ வைத்துவிட்டுப் பூ வரவில்லை என்று வருந்துவதில் அர்த்தமில்லை.

செம்பருத்தி இதற்கு நேர் எதிர். பருத்தி, வெண்டை, பூவரசு எல்லாம் சேர்ந்த குடும்பம். அகலமான மெல்லிய இலை, அதனால் வெயிலில் தண்ணீரை வேகமாக இழக்கும். வெயில் அதற்கும் வேண்டும், ஆனால் வேர்ப்பகுதி காயவே கூடாது, அதே சமயம் ஊறிக் கிடக்கவும் கூடாது. ஒரு மக் ஊற்றும்போது மேல் மண் கருத்து, பார்க்க நனைந்த மாதிரி இருக்கும். நாலு விரல் ஆழத்தில் தோண்டினால் புழுதி. மத்தியானம் வாடி, சாயங்காலம் நிமிர்ந்து, மறுநாளும் அதே கதை என்றால் செடி முதலில் கைவிடுவது மொட்டைத்தான். வெயில் கடுமையான நாட்களில் தொட்டிச் செம்பருத்திக்குக் காலை, மாலை இரு வேளையும் தேவைப்படலாம். மண்ணின் மேல் இரண்டு அங்குலம் காய்ந்த சருகைப் பரப்பிவிட்டால் அந்த அவசரம் குறையும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வாடிய செடியைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயைத் தேடாதீர்கள். வேர் அழுகினாலும் செடி வாடும், தாகத்தில் வாடுவது போலவே இருக்கும். போன மாதம் ஒருவர் அப்படி வாடிய காகிதப்பூவுக்கு இன்னும் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தார். தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன், கல் மாதிரி கனம். கவிழ்த்துத் தட்டியதும் சாக்கடை நாற்றம், பழுப்பு நிற வேரை விரலால் இழுத்தால் தோல் மட்டும் உறை போலக் கழன்று வந்தது. அடித்துளையை ஒரு தட்டையான ஓட்டுச் சில் முழுசாக அடைத்திருந்தது. அந்தச் செடியைக் காப்பாற்ற முடியவில்லை, ஒரு கிளையில் குச்சி வெட்டி நட்டது மட்டும் தளிர்த்திருக்கிறது.

மண் கலவையும் இதையொட்டித்தான். காகிதப்பூவுக்கு மணலைத் தாராளமாகக் கலந்து தண்ணீர் நிற்காதபடி செய்வேன், தொட்டியும் சின்னதாகவே இருக்கட்டும், வேர் நெருக்கத்தை அது பொறுத்துக்கொள்ளும். செம்பருத்திக்கு மக்கிய தொழு உரம், தேங்காய் நார்க் கழிவு என்று ஈரம் பிடிக்கும் பொருள் கூடுதலாக வேண்டும். மாற்றி நடும்போது காகிதப்பூவின் வேர்க்கட்டியை உதறாதீர்கள். வேர் நூலிழை மாதிரி, சுலபமாக அறுந்துவிடும், அறுந்தால் வாரக்கணக்கில் முறைத்துக்கொண்டு நிற்கும்.

உரத்துக்கு வருவோம். தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமான உரம் போட்டால் இரண்டுமே இலையைத்தான் தரும், காகிதப்பூவில் அது கண்ணுக்கு நேராகத் தெரியும். செம்பருத்தி பெரிய தீனிக்காரச் செடி, சாம்பல் சத்து (பொட்டாசியம்) அதற்கு முக்கியம். 'பூக்க வைக்கும் உரம்' என்று மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொட்டுவது வேண்டாம், மிஞ்சினால் இரும்புச்சத்தை எடுக்கவிடாமல் செய்துவிடும். இலை மஞ்சளானால் எந்த இலை என்று பாருங்கள். அடியில் இருக்கும் பழைய இலை ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். நுனித் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு, பெரும்பாலும் மண்ணோ தண்ணீரோ காரத்தன்மையோடு இருக்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

கவாத்தில், அதாவது கிளை வெட்டுவதில் மட்டும் இரண்டும் ஒற்றுமை, புதுக் கிளையில்தான் பூக்கும். பூத்து ஓய்ந்ததும் காகிதப்பூவை மூன்றில் ஒரு பங்கு வெட்டலாம். செம்பருத்தியை ஒரேயடியாக மொட்டையடிக்காமல் சில கிளைகளாகப் பிரித்து வெட்டினால் பூ தொடர்ந்து கிடைக்கும். காகிதப்பூவுக்குத் தடித்த கையுறை கட்டாயம். முள் மேலே கீறினால்கூட சிலருக்குத் தோல் தடித்துவிடும். குழந்தைகள் ஓடும் வழியில் இதை வைக்காதீர்கள் என்று நான் சொன்னால் கேட்பவர்கள் குறைவு, குத்தின பிறகு நகர்த்துவார்கள்.

இன்னொன்று, செம்பருத்திப் பூ பெரும்பாலும் ஒரே நாள்தான். மறுநாள் சுருட்டிய குடை மாதிரி விழுந்து கிடந்தால் அது வயசு முடிந்த பூ, கவலை வேண்டாம். பச்சையாகவோ மஞ்சளாகவோ விரியாத மொட்டு விழுந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

சமீபத்தில் படம் அனுப்பிய ஒருவரிடம் இரண்டு தொட்டிகளையும் பிரித்து வைத்து, தனித்தனியாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ஒன்றரை மாதத்தில் காகிதப்பூ நுனியெல்லாம் நிறம் பிடித்துவிட்டது. செம்பருத்தி மட்டும் அடங்கவில்லை, தண்ணீர் சரியாக இருந்தும் மொட்டு விழுந்துகொண்டே இருந்தது. விழாமல் நிற்கும் மொட்டு ஒன்றைப் பறித்து, இதழைப் பிரித்து, வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பார்க்கச் சொன்னேன். தூசி மாதிரி ஏதோ ஓடுகிறது என்றார். இலைப்பேன் என்ற சின்னப் பூச்சி. விழுந்த மொட்டையெல்லாம் பொறுக்கி அப்புறப்படுத்திவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் தண்ணீரில் கலப்பதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல், வெயில் இறங்கிய பிறகு வாரம் ஒரு முறை தெளிக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது இரண்டாவது வாரம். நேற்று மூன்று பூ விரிந்ததாம்.