சிலிங்கில் தோன்றும் பழுப்பு வளையம்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் அக்டோபர் மாதத்துப் பிற்பகல்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியாகவே கழிகின்றன. நண்பகல் வரை வெயில் தகரக் கூரைகளைக் காய்ச்சும். மூன்று மணிக்குமேல் கிழக்கே மலைப்பக்கம் மேகம் கறுக்கும். நான்கு மணிக்கெல்லாம் மழை கொட்டத் தொடங்கிவிடும். தீபாவளிக்கு முந்திய இந்த வாரங்களில்தான் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான்கள் எனும் குடியிருப்புகளிலும் வீட்டுக்குச் சாயம் அடிக்கும் வேலை மும்முரமாக நடக்கும். என் பெற்றோர் வீட்டு முன்கூடத்தில், சாமி மேடைக்கு நேர் மேலே, உட்கூரையில், அதாவது நாம் பேச்சில் சிலிங் என்று சொல்லும் பரப்பில், சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு ஒரு பழுப்பு வளையம் இருந்தது. மூன்று தீபாவளிகளுக்கு அதன்மேல் வெள்ளைச் சாயம் பூசினோம். மூன்று முறையும் பொங்கலுக்குள் அது திரும்பி வந்துவிட்டது.

அந்தக் கறை ஏன் வளையமாக இருக்கிறது என்பதிலிருந்தே தொடங்கலாம். நனைந்த இடம் முழுவதும் ஒரே நிறமாக மாறாமல், நடுவில் வெளிறியும் ஓரத்தில் அடர்ந்தும் காணப்படுவதற்குக் காரணம் உண்டு. மேசையில் சிந்திய காப்பித் துளி காயும்போதும் ஓரத்தில்தான் கறுத்த கோடு விழுகிறது. துளியின் ஓரத்தில் நீர் விரைவாக ஆவியாவதால், அந்த இழப்பை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது என்றும், அந்த ஓட்டம் மிதக்கும் துகள்களையும் இழுத்துச் சென்று ஓரத்தில் சேர்க்கிறது என்றும் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1997ஆம் ஆண்டில் விளக்கினார்கள். சிலிங் அட்டை நீரை உறிஞ்சும் பொருள் என்பதால் அங்கு நடப்பது முற்றிலும் அதே நிகழ்வு அன்று. ஆனாலும் இரண்டும் நெருங்கிய உறவுடையவை. கூரை இடுக்கில் பல ஆண்டுகளாகப் படிந்த தூசி, ஆணியின் துரு, மரச் சட்டத்திலிருந்து கரையும் பழுப்பு நிறச் சத்து ஆகியவற்றைச் சுமந்துகொண்டு நீர் அட்டைக்குள் பரவுகிறது. ஈரமான பகுதியும் காய்ந்த பகுதியும் சந்திக்கும் எல்லையில் நீர் மட்டும் ஆவியாகிவிட, சுமை அங்கேயே தங்கிவிடுகிறது. அட்டையின் மேல் ஒட்டியுள்ள காகிதத்தின் செல்லுலோசும் அந்த எல்லையில் ஆக்சிஜனேற்றம் அடைந்து தானும் பழுப்பேறுகிறது.

ஆகவே ஒரே வளையம் இருந்தால் பெரும்பாலும் ஒருமுறை நனைந்து காய்ந்தது என்றும், ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையங்கள் இருந்தால் பலமுறை நனைந்திருக்கிறது என்றும் கொள்ளலாம். எங்கள் வீட்டுக் கறையில் ஐந்து கோடுகளை எண்ண முடிந்தது. சாயம் பூசுவதற்கு முன் அவற்றை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

இன்று தாமான் வீடுகளில் பரவலாகப் பொருத்தப்படும் பிளாஸ்டர் சிலிங் ஜிப்சம் என்ற கனிமத்தால் ஆனது. கால்சியம் சல்பேட்டின் ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் பிணைந்து உருவாகும் படிகம் அது. அதன் எடையில் சுமார் 21 விழுக்காடு நீர்தான். ஊசி ஊசியான படிகங்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நிற்பதால்தான் அட்டைக்கு உறுதி கிடைக்கிறது. ஆனால் ஜிப்சம் நீரில் சிறிதளவு கரையக்கூடியது. ஒரு லிட்டரில் இரண்டு கிராமுக்குச் சற்று அதிகமாகக் கரையும். இது மிகச் சிறிய அளவுதான் என்றாலும், படிகங்கள் தொட்டுக்கொள்ளும் முனைகளில் நீர் புகுந்தால் பிணைப்பு தளர்ந்துவிடுகிறது. நனைந்த அட்டை தன் எடையையும் உறிஞ்சிய நீரின் எடையையும் தாங்க மாட்டாமல் சட்டங்களுக்கு இடையே தொய்கிறது. அப்படித் தொய்ந்தது காய்ந்த பிறகும் நிமிர்வதில்லை.

இனி, நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. கறைக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ணிக் கூரையேறுவோர்தான் அதிகம். நாங்களும் அப்படித்தான் ஏறினோம். ஆனால் தகரத்தின் அடிப்புறத்தை அடைந்த நீர் உடனே கீழே விழுவதில்லை. உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்பும் பரப்பு இழுவிசையும் அதைப் பிடித்துவைக்க, அது சரிவின் வழியே இறங்கி, ஒரு மரச் சட்டமோ ஆணி முனையோ குறுக்கிடும் இடத்தில்தான் சொட்டுகிறது. எங்கள் வீட்டில் நீர் நுழைந்த இடம் கறையிலிருந்து இரண்டு மீட்டருக்கும் அப்பால், சரிவின் மேற்பகுதியில் இருந்த ஒரு திருகாணி.

அந்தத் திருகாணி ஏன் இளகியது என்பதற்கு வெயிலும் மழையும் சேர்ந்தே காரணம். எஃகுத் தகடு ஒவ்வொரு பாகை வெப்பத்திற்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு நீள்கிறது. நண்பகலில் 60 பாகை செல்சியஸ் வரை காய்ந்த ஆறு மீட்டர்த் தகடு, மழை விழுந்ததும் சில நிமிடங்களில் 25 பாகைக்குக் குளிர்ந்தால், சுமார் இரண்டரை மில்லிமீட்டர் சுருங்குகிறது. மழை தொடங்கும்போது கூரையில் கேட்கும் அந்தப் படீர் ஒலியில் துளிகளின் தாளத்தோடு தகரம் சுருங்கும் முறுக்கமும் கலந்திருக்கிறது. இந்த இழுபறி ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான முறை நடக்கும்போது திருகாணியின் துளை மெல்ல அகன்றுவிடுகிறது. அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமோ வெயிலில் வெடித்துப்போகிறது.

ஓட்டையே இல்லாத கூரையிலும் நீர் ஏறி வர முடியும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், நுண்குழாய்க் கவர்ச்சியால், அதாவது குறுகிய இடுக்கில் நீர் தானாகவே மேலேறும் இயல்பால், நீர் மூன்று சென்டிமீட்டர் உயரம் வரை ஏறக்கூடும். செங்குத்தான கூரைக்கு இது பொருட்டன்று. ஆனால் பின்கட்டில் சமையலறையை நீட்டிக் கட்டும்போது நாம் போடும் கூரைக்கு 15 பாகைச் சரிவுகூட இருப்பது அரிது. அந்தச் சரிவில் மூன்று சென்டிமீட்டர் உயரம் என்பது தகட்டின் வழியே 11 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். சரிவு குறையக் குறைய நீர் மேல்நோக்கி ஊர்ந்து செல்லும் தூரம் கூடுகிறது. பால்மரங்கள் எனப்படும் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்குப் பிறகு கூரையோரத்து நீர்க்கால் அடைத்துக்கொண்டால், ஏப்ரல் மழையில் அங்கே தேங்கும் நீரும் பின்வாங்கி இதே வழியில் உள்ளே நுழையும்.

மழையே பெய்யாத நாளிலும் சிலிங் நனையும் என்பதைப் பலர் நம்புவதில்லை. 28 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர்க் காற்று அதிகபட்சம் 27 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் அதில் ஏறத்தாழ 22 கிராம் ஏற்கெனவே இருக்கிறது. அதே காற்று 24 பாகைப் பரப்பு ஒன்றைத் தொட்டாலே தாங்கும் எல்லையை எட்டிவிடும். அதற்கும் குளிர்ந்த பரப்பில் நீராவி துளியாகப் படிந்துவிடும். மேகமில்லாத இரவில் தகரக் கூரை தன் வெப்பத்தை வானத்துக்கு வெளியிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகைகள் குளிர்ந்துபோகிறது. விடியற்காலையில் அதன் அடிப்புறம் வியர்த்துச் சிலிங்கின்மேல் சொட்டுகிறது.

குளிர்சாதனம் பொருத்திய படுக்கையறையில் நடப்பது இதைவிட மறைவானது. அறையை 20 பாகைக்குக் குளிர்விக்கும்போது சிலிங் அட்டையும் 22 பாகை அளவுக்குக் குளிர்கிறது. அட்டைக்கு மேலே, கூரைக்கும் சிலிங்குக்கும் இடையில் அடைபட்டிருப்பதோ வெளியிலிருந்து வந்த ஈரக் காற்று. அது அட்டையின் மேற்புறத்தில், நம் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், இரவெல்லாம் ஈரமாகப் படிகிறது. மழைக் கசிவு தரும் கறை பழுப்பாகவும் எல்லையுள்ளதாகவும் இருக்கும். இத்தகைய வியர்வை தரும் கறையோ எல்லையில்லாமல் பரவிய கரும்புள்ளிகளாக, அறையின் மூலைகளிலும் குளிர்காற்று நேரே படும் இடங்களிலும் தோன்றும். ஐயமிருந்தால், கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதியையும் எழுதி வைத்து, மழை நாட்களில் வளர்கிறதா, குளிர்சாதனம் ஓடும் நாட்களில் வளர்கிறதா என்று கவனிப்பது போதும். வியர்வைதான் என்று உறுதியானால், வெப்பநிலையை 25 பாகைக்கு உயர்த்துவது எந்தச் சாயத்தைவிடவும் பயன்தரும்.

அந்தக் கரும்புள்ளிகள் பூஞ்சணம். அதன் வித்துகள் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டிருப்பவை. அவற்றுக்குத் தேவை ஈரமும் உணவும் மட்டுமே. அட்டையின் காகிதமும் அதை ஒட்டிய மாவுப்பசையும் உணவாகிவிட, நனைந்த பரப்பு ஒன்றிரண்டு நாட்கள் காயாமல் இருந்தாலே அவை முளைக்கத் தொடங்குகின்றன. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு ஆஸ்துமாவும் மூச்சுக்குழல் தொல்லைகளும் அதிகம் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் எடுத்துரைத்தது. குழந்தைகளும் முதியவர்களும் படுக்கும் அறை என்றால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. வெளுப்பு நீரைத் தெளித்தால் நிறம் போய்விடும். ஆனால் அட்டைக்குள் ஊடுருவிய இழைகளை அது எட்டுவதில்லை, அதிலுள்ள நீரோ மேலும் ஈரத்தைச் சேர்க்கிறது. அதைக் கழிவறை கழுவும் அமிலத்தோடு கலந்தால் நச்சுவாயு கிளம்பும். பூஞ்சணம் ஆழப் பரவிய அட்டையை வெட்டி எடுத்து மாற்றுவதே சரி.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய லயங்களிலும் மலிவுவிலை வீடுகளிலும் காணப்படும் சாம்பல் வெள்ளைச் சிமெண்ட் தகடுகளில் அஸ்பெஸ்டாஸ் இழைகள் இருக்கக்கூடும். அவை புற்றுநோயை உண்டாக்குபவை. தகடு முழுமையாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. அதை அறுப்பதும், துளையிடுவதும், சுரண்டுவதும், விழுந்த தூளைத் துடைப்பத்தால் கூட்டுவதும்தான் இழைகளைக் காற்றில் கலக்கின்றன. அத்தகைய சிலிங்கை நம் கையால் தொடாமல், அதற்கெனப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுவது நல்லது.

பிளாஸ்டர் அட்டை பை போல வீங்கித் தொங்கினால் அதற்குள் நீர் தேங்கியிருக்கிறது என்று பொருள். ஒரு சதுர மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர் நீர் என்றால் 20 கிலோ. முதலில் அந்தப் பகுதி விளக்குகளின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கீழே வாளி வைத்து, பக்கவாட்டில் நின்று சிறு துளையிட்டு நீரை வடியவிட வேண்டும்.

ஓட்டையை அடைத்த பின் வரும் வேலை உலர்த்துவது. நம் ஊரில் இதுவே கடினமானது. இரவில், 24 பாகையும் 95 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில், ஒரு கன மீட்டருக்கு ஒரு கிராம் நீராவிக்குத்தான் இடம் மிச்சமிருக்கிறது. அதே காற்று நண்பகலில் 32 பாகைக்குச் சூடேறி ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு இறங்கும்போது 13 கிராமுக்கு இடம் உண்டாகிறது. ஆகவே சன்னல்களை இரவெல்லாம் திறந்துவைத்துப் பயனில்லை. காலை பதினொரு மணி முதல் மழை இருட்டும் வரை கதவு சன்னல்களைத் திறந்து, கூரை இடுக்கின் மூடியையும் திறந்து, மின்விசிறியைக் கறையை நோக்கித் திருப்பிவைத்தால், பரப்பை ஒட்டித் தேங்கும் ஈரக் காற்றுப் படலம் கலைந்து உலர்வு விரைவுபடும். மழை வந்ததும் மூடிவிட வேண்டும். பேராக் மாநிலத்தில் அக்டோபர், நவம்பர் மாதங்கள் ஆண்டின் மிக அதிக மழைக் காலம் என்பதால், தீபாவளிக்குச் சாயம் அடிக்கும் நம் வழக்கம் சிலிங்கைப் பொறுத்தவரை மிகத் தவறான பருவத்தில் விழுகிறது. பிப்ரவரியும் ஜூன், ஜூலை மாதங்களும் ஒப்பீட்டளவில் வறண்டவை.

நன்கு காய்ந்த கறையின் மீதும் நீரில் கரைக்கும் சாதாரணச் சாயத்தை நேராகப் பூசக் கூடாது. அந்தச் சாயத்திலுள்ள நீரே பழுப்புப் பொருளை மீண்டும் கரைத்து மேலே கொண்டுவந்துவிடும். எங்கள் வளையம் மூன்று முறை திரும்பியதற்குக் கசிவோடு இதுவும் ஒரு காரணம். எண்ணெய் கலந்த அடிச்சாயம் ஒரு பூச்சு கொடுத்தால் அது கறையை உள்ளேயே பூட்டிவிடும். அதன் பிறகு எந்தச் சாயமும் நிற்கும். நாங்கள் அதைச் செய்தது ஒரு ஜூலை மாதத்தில். தொய்ந்த அட்டையை மாற்றியபோது, கை நுழையும் அளவுக்கு ஒரு சிறிய மூடியைச் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார் அப்பா. ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு முந்திய முதல் பெருமழை ஓய்ந்ததும், நாற்காலியில் ஏறி அதைத் திறந்து, அட்டையின் மேற்புறத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்குகிறார்.