கிரைண்டர் முன்னால் ஒரு மணைப்பலகை

எங்கள் வீட்டில் அம்மா மணைப்பலகை மேல் நின்றுதான் கிரைண்டர் போடுவாள். வெறுந்தரையில் நின்று மாவைத் தள்ளிவிட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கும். பலகையில் ஏறிக்கொண்டால் ஒன்றும் செய்யாது. பல வருடம் அப்படியே ஓட்டிவிட்டாள். அதே கிரைண்டர், அதே கரண்ட், அதே விரல். பலகை மட்டும் எப்படிக் காப்பாற்றியது?

கரண்ட் ஓட வேண்டுமென்றால் அது திரும்பிப் போக வழி இருக்க வேண்டும். வீட்டுக்குள் பேஸ் ஒரு வயராகவும் நியூட்ரல் இன்னொரு வயராகவும் வருவது அதற்குத்தான். பல்பு எரியும்போது கரண்ட் அதற்குள் தீர்ந்துபோவதில்லை. எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவும் வெளியே வந்துவிடும். பல்பு வாங்கிக்கொள்வது ஆற்றலை மட்டும்தான்.

சுவிட்சைத் தட்டியதும் மின்நிலையத்திலிருந்து எலக்ட்ரான்கள் ஓடி வருகின்றன என்றுதான் நானும் பள்ளியில் நினைத்திருந்தேன். உண்மையில் செம்புக் கம்பி முழுக்க எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 1 ஆம்பியர் நேர்மின்னோட்டம் போனால், அவை சராசரியாக நகர்வது நொடிக்கு 0.05 மில்லிமீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 18 சென்டிமீட்டர். நம் வீட்டுக்கு வருவது மாறுமின்னோட்டம் என்பதால் அந்த நகர்வும் கிடையாது. நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத தூரத்துக்குள் ஆடிக்கொண்டிருக்கின்றன. வேகமாக வருவது அவற்றைத் தள்ளும் விசை. அது ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வயர் நெடுகப் பரவிவிடுகிறது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மரம் அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரம்பம் எங்கேயும் போவதில்லை, இருந்த இடத்திலேயே போய் வருகிறது. மரம் அறுபடுகிறது.

சரி, வெறுங்காலில் நின்றால் ஏன் ஷாக் அடிக்கிறது? தெரு டிரான்ஸ்பார்மரில் 11,000 வோல்ட் குறைந்து, நம் வீட்டுக்கு 230 வோல்ட்டாக வருகிறது. அங்கே நியூட்ரலை மண்ணில் புதைத்த எர்த்தோடு இணைத்திருப்பார்கள். என்றாவது உயர் அழுத்தச் சுருள் தாழ் அழுத்தச் சுருளோடு ஒட்டிக்கொண்டால் அந்த 11,000 வோல்ட் நேராக வீடுகளுக்குள் வந்துவிடக் கூடாதே, அதற்கான ஏற்பாடு. ஆனால் இதனால் நாம் நிற்கும் தரையே டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பும் இன்னொரு வழியாகிவிடுகிறது. விரல் வழியாக ஏறிய கரண்ட் உடம்பில் இறங்கி, பாதம் வழியாக மண்ணுக்குப் போய், டிரான்ஸ்பார்மரைச் சேருகிறது. காய்ந்த பலகை அந்த வழியை அடைத்துவிட்டது. ஒற்றைக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு ஒன்றும் ஆகாததும் இதனால்தான். பலகையில் நின்றபடியே அம்மா இன்னொரு கையால் பைப்பைத் திருகியிருந்தால் கதை வேறாகியிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

ஈரக் கை, ஈரக் கால் என்றால் உடம்பின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். 230 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லிஆம்பியர். 10 மில்லிஆம்பியருக்கு மேல் போனாலே கைத்தசைகள் இறுகிக்கொண்டு, பிடித்ததை விட முடியாமல் போகும். ‘கரண்ட் இழுத்துப் பிடிச்சிருச்சு’ என்கிறோம், பிடித்துக்கொள்வது நம் தசைதான். அதற்கு மேல் ஏறினால் இதயத்தின் துடிப்பே குலையும். கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் எம்சிபி. 16 ஆம்பியர் எம்சிபிக்கு 0.23 ஆம்பியரெல்லாம் கண்ணிலேயே படாது. அது வயர் எரியாமல் காப்பதற்கு வைத்தது. ஆளைக் காப்பது அதன் வேலையில்லை.

ஆளைக் காக்க முதலில் இருப்பது எர்த் வயர். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருக்கும். சொருகும்போது முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியில் விடவும் அப்படி. பேஸ் வயர் மோட்டாரின் இரும்பு உடம்பைத் தொட்டால் கரண்ட் எர்த் வழியாகப் பாய்ந்து எம்சிபியை விழவைக்க வேண்டும். அதற்கு எர்த் குழி நன்றாக இருக்க வேண்டும். திரும்பும் வழியின் மொத்தத் தடை 5 ஓம் என்றால் 46 ஆம்பியர் பாயும், எம்சிபி விழுந்துவிடும். கோடையில் மண் காய்ந்து அது 50 ஓம் ஆனால் 4.6 ஆம்பியர்தான். எம்சிபி அசையாது, மோட்டார் உடம்பில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். கரியும் உப்பும் போட்ட குழியில் வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதற்குத்தான்.

இந்த ஓட்டையை அடைப்பதுதான் ஆர்சிசிபி, கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச். அதற்குள் ஒரு காந்த வளையம். பேஸ், நியூட்ரல் இரண்டும் அதன் நடுவே போகின்றன. போனதும் வந்ததும் சமமென்றால் இரண்டின் காந்த விளைவும் ஒன்றையொன்று அழித்துவிடும். யார் உடம்பு வழியாகவோ கொஞ்சம் மண்ணுக்குப் போனால் வருவதில் அவ்வளவு குறையும். குறைந்த அளவுக்கு வளையத்தில் காந்தம் மிஞ்சி, வீடுகளுக்கான வகையில் வித்தியாசம் 30 மில்லிஆம்பியரை எட்டுவதற்குள் அதை விழவைக்கிறது. ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் மட்டும் அதனால் காப்பாற்ற முடியாது. போனதெல்லாம் திரும்பி வருவதால் அந்த ஆளும் அதற்கு ஒரு பல்புதான். ‘டி’ என்று எழுதிய பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

எலக்ட்ரீஷியன் வந்து சமையலறை சாக்கெட்டைக் கழற்றியபோதுதான் தெரிந்தது: மேலே பெரிய ஓட்டை இருந்தது, அதற்குப் பின்னால் வயரே இல்லை. எர்த் இழுத்து, ஆர்சிசிபியும் மாட்டி, கிரைண்டரைப் போட்டார். டப்பென்று விழுந்தது. திரும்பப் போட்டார், திரும்ப விழுந்தது. “நல்லா ஓடிட்டிருந்ததே தம்பி” என்றாள் அம்மா. மோட்டாரைப் பிரித்துக் காட்டினார். மாவுத் தண்ணீர் இறங்கி இறங்கி, சுருளின் ஒரு பக்கம் கறுத்துப்போய், இன்சுலேஷன் உதிர்ந்து, செம்பு வெளியே தெரிந்தது.