சரக்கு போய்ச் சேர்ந்தது, பணம் ஏன் வரவில்லை?

வளரும் நாடுகளின் ஏற்றுமதி என்று எடுத்தாலே பேச்சு சுங்க வரியில் போய் நிற்கும். எந்த நாடு எத்தனை சதவீதம் குறைத்தது, எந்த ஒப்பந்தம் எப்போது கையெழுத்தாகும் என்பதே விவாதம். அதெல்லாம் அரசுகள் பார்த்துக்கொள்ளும் வேலை. சிறு ஏற்றுமதியாளரின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் லாபம் கசியும் இடம் வேறாக இருக்கும்: சரக்கு கிளம்பிய நாளுக்கும் பணம் வரவான நாளுக்கும் நடுவில்.

கணக்கு எளிது. உள்ளூரில் 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிச் சரக்கு செய்கிறவர் 90 நாள் தவணையில் விற்றால், சரக்கு மதிப்பில் ஏறத்தாழ 3 சதவீதம் வட்டிக்கே போய்விடும். 4 சதவீத வட்டி நிலவும் நாட்டிலிருந்து அதே பொருளை விற்கும் போட்டியாளருக்கு அது 1 சதவீதம். நடுவில் இருக்கும் 2 சதவீதம் எந்த நாடும் விதிக்காத ஒரு வரி. 90 நாள் என்று பேசியது, ஏதோ ஒரு தாளில் இருந்த தவறால் 130 நாளாக இழுத்தால் வட்டி 4 சதவீதத்தைத் தாண்டும். 6, 7 சதவீத லாபத்தில் ஓடும் தொழிலில் மிச்சம் என்ன இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவும் கடன் கிடைப்பவர்களின் கதை. உலக அளவில் கேட்கப்பட்ட வர்த்தக நிதிக்கும் கிடைத்ததற்கும் இடையிலான பள்ளம் 2022-இல் 2.5 லட்சம் கோடி டாலர் என்று ஆசிய வளர்ச்சி வங்கி மதிப்பிட்டது. 2020-இல் அது 1.7 லட்சம் கோடி. வங்கிகள் திருப்பி அனுப்பும் விண்ணப்பங்களில் சிறு, நடுத்தர நிறுவனங்களுடையவை கணிசமானவை. கடன் வாங்க இடமில்லாதவருக்குத் தாமதம் என்றால் அடுத்த ஆர்டரை ஏற்க முடியாது என்று பொருள்.

வரிச் சலுகை தானாக வராது

முதலில் வரியையே பார்ப்போம், ஏனென்றால் அதுவும் ஒரு தாளில்தான் தொங்குகிறது. 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியம், ஐ.நா. பட்டியலில் உள்ள மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகளின் பொருட்களை, ஆயுதம் தவிர்த்து, வரியில்லாமல் அனுமதிக்கிறது. நிபந்தனை ஒன்று உண்டு. பொருள் அந்த நாட்டிலிருந்து வந்தால் போதாது, அந்த நாட்டில் உருவானதாகவும் இருக்க வேண்டும். இதைத் தீர்மானிப்பவை மூல விதிகள்.

ஆடையை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-க்கு முன்பு நூலிலிருந்து துணி, துணியிலிருந்து ஆடை என்று இரண்டு கட்டமும் உள்ளூரில் நடந்தால்தான் சலுகை. 2011-இல் அந்த நாடுகளுக்கு மட்டும் விதி தளர்ந்தது. வெளிநாட்டுத் துணியை வாங்கி வெட்டித் தைத்தாலே போதும். நெசவாலை இல்லாத நாடும் இதனால் சலுகைக்குள் வந்தது. பட்டியலிலிருந்து ஒரு நாடு வெளியேறும்போது (2023 டிசம்பரில் பூட்டான் வெளியேறியது) ஐரோப்பிய ஒன்றியம் 3 ஆண்டு இடைக்காலம் தருகிறது. அதற்குப் பிறகு வேறொரு சலுகைத் திட்டத்தில் வரி குறைவாகவே இருந்தாலும், பழைய இரண்டு கட்ட விதி திரும்பி வருகிறது. வரி விகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

வேறு பல பொருட்களுக்கு விதி மதிப்பில் இருக்கும். ஆலை வாசல் விலையில் (ஆலையை விட்டுக் கிளம்பும்போது உள்ள விலை) வெளிநாட்டு மூலப்பொருள் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். விலை 10 டாலர், இறக்குமதி மூலப்பொருள் 4.80 டாலர் என்றால் பங்கு 48 சதவீதம், தேறிவிடும். உள்ளூர் நாணயம் சரிகிறது. வாங்குபவருக்கு அது தெரியும், விலையைக் குறைக்கச் சொல்வார். நீங்களும் 9.40-க்கு ஒத்துக்கொள்கிறீர்கள். மூலப்பொருளின் டாலர் விலை அசையவில்லை. பங்கு 51 சதவீதம் ஆகிவிட்டது. சலுகை போயிற்று. தொழிற்சாலையில் ஒரு திருகு கூட மாறவில்லை. எனவே ஒவ்வொரு விலைக்குறைப்புக்கும் முன்னால் இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை போட்டால் போதாது.

6,000 யூரோவுக்கு மேற்பட்ட சரக்கு என்றால், ஐரோப்பாவின் ரெக்ஸ் பதிவு (பதிவுபெற்ற ஏற்றுமதியாளர் பட்டியல்) வைத்திருக்கும் ஏற்றுமதியாளர்தான், பொருள் எந்த நாட்டில் உருவானது என்ற மூல அறிவிப்பை இன்வாய்ஸில் எழுத முடியும். எழுதுவது ஒரு நிமிட வேலை. அதற்குப் பின்னால் இருக்க வேண்டியவை: மூலப்பொருள் ஒவ்வொன்றின் எச்.எஸ். குறியீடு (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்), வாங்கிய ரசீது, எந்த லாட்டில் எவ்வளவு செலவானது என்ற உற்பத்திப் பதிவு. அறிவிப்பு எழுதிய ஆண்டு முடிந்து குறைந்தது 3 ஆண்டு இவற்றை வைத்திருக்க வேண்டும். அறிவிப்பு உண்மைதானா என்று கேட்கும் சரிபார்ப்புக் கடிதம் தாமதமாகத்தான் வரும். பதில் தர முடியாவிட்டால் விட்டுப்போன வரியை இறக்குமதி நாட்டுச் சுங்கம் இறக்குமதியாளரிடம் வசூலிக்கும், அவர் அதை உங்கள் அடுத்த பில்லில் கழிப்பார்.

எச்.எஸ். குறியீட்டில் முதல் 6 இலக்கம் மட்டும் உலகுக்குப் பொது. அதற்கு மேலே ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்குப் பிரித்துக்கொள்ளும். வரி விகிதம் நிற்பது பெரும்பாலும் அந்த மேல் இலக்கங்களில். உங்கள் நாட்டுக் குறியீட்டை அப்படியே வாங்குபவரின் நாட்டுக்கும் பொருத்திவிடாதீர்கள். 2017 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிதாக்கல் ஒப்பந்தம், முன்கூட்டியே தீர்ப்பு கேட்கும் வசதியைத் தருகிறது. சரக்கு அனுப்புவதற்கு முன்பே இறக்குமதி நாட்டுச் சுங்கத்திடம் குறியீட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஐரோப்பாவில் அப்படிப்பட்ட வகைப்பாட்டு முடிவு 3 ஆண்டு செல்லும். இவ்வளவு பயனுள்ள வசதியை இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துவது ஏன் என்றுதான் புரியவில்லை.

எல்.சி. வந்த அன்றே படியுங்கள்

இனி பணம். வாங்குபவர் புதியவர் என்றால் எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) கேட்பது வழக்கம். வாங்குபவரின் வங்கி தரும் வாக்குறுதி அது. சொன்ன ஆவணங்களைச் சொன்னபடி கொடுத்தால் வங்கியே பணம் தரும். இதை ஆளும் விதித்தொகுப்பு, பன்னாட்டு வணிகச் சபையின் யூ.சி.பி. 600. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது, மொத்தம் 39 பிரிவுகள். அதன் 5-ஆம் பிரிவு சொல்வதை மனதில் வாங்காதவர்களே அதிகம் அடிபடுகிறார்கள்: வங்கிக்கு ஆவணம்தான் தெரியும், சரக்கு தெரியாது. முதல்தரச் சரக்கு அனுப்பி இன்வாய்ஸில் பிழை விட்டால் பணம் நிற்கும்.

ஆவணம் தயாரிக்கும்போது எல்.சி.யை எடுத்துப் படிப்பது பொதுவான பழக்கம். அதற்குள் சரக்கு கப்பலில் ஏறியிருக்கும், எதையும் மாற்ற முடியாது. வந்த அன்றே, வெட்டுவதற்கோ வார்ப்பதற்கோ முன்பே படிக்க வேண்டும். தேட வேண்டியது உங்கள் கையில் இல்லாத ஆவணம் ஏதாவது கேட்டிருக்கிறதா என்று. 'வாங்குபவரின் பிரதிநிதி கையெழுத்திட்ட ஆய்வுச் சான்றிதழ், கையெழுத்து எங்கள் பதிவோடு பொருந்த வேண்டும்' என்று ஒரு வரி இருந்தால், அந்த எல்.சி.யின் சாவி வாங்குபவர் சட்டைப் பையில் இருக்கிறது. சந்தை விலை இறங்கினால் பிரதிநிதி ஊரில் இருக்க மாட்டார்.

இன்னொன்று: 'மூன்று அசல் பில் ஆஃப் லேடிங்கில் ஒன்றை நேரே வாங்குபவருக்குக் கூரியரில் அனுப்புக'. பில் ஆஃப் லேடிங் என்பது சரக்கை ஏற்றுக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம். வழக்கமாக மூன்று அசல் போடுவார்கள், ஒன்றைக் காட்டினாலே சரக்கை எடுத்துவிடலாம். ஆக வங்கி மற்ற இரண்டையும் புரட்டிப் பார்க்கும் முன்பே சரக்கு வாங்குபவர் கிடங்கில் இருக்கும். அதற்குப் பிறகு ஆவணத்தில் ஒரு குறை கண்டுபிடித்தால் உங்கள் கையில் பேரம் பேச எதுவுமில்லை. பில் ஆஃப் லேடிங் வாங்குபவர் பெயருக்கே நேராகப் போடப்பட்டாலும் இதே ஆபத்து, ஏனென்றால் சில நாட்டுச் சட்டத்தில் அசலைக் காட்டாமலேயே அவர் சரக்கை எடுக்க முடியும். 'டு ஆர்டர்' (யார் பெயருக்கும் நேராக இல்லாமல், பின்னால் எழுதிக் கைமாற்றும் வகை) என்றோ, எல்.சி. திறந்த வங்கியின் ஆர்டருக்கென்றோ கேளுங்கள்.

பிடிக்காத வரி இருந்தால் திருத்தம் கேட்க வேண்டும். திருத்தம் வந்ததும் அதில் பாதியை ஏற்று பாதியை விட முடியாது. பகுதி ஏற்பு என்பது மறுப்பாகவே கொள்ளப்படும். திருத்தச் செலவு யாருடையது என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

தேதி, எடை, சொல்

தேதிகள் மூன்று: கடைசி ஷிப்மெண்ட் தேதி, ஆவணம் கொடுக்க வேண்டிய கெடு, எல்.சி. காலாவதி. எல்.சி. வேறு கெடு சொல்லாவிட்டால், ஷிப்மெண்ட் ஆன நாளிலிருந்து 21 நாட்காட்டி நாட்களுக்குள் அசல் ஆவணங்கள் வங்கியில் இருக்க வேண்டும். மார்ச் 5 அன்று கப்பலில் ஏற்றியதாக பில் ஆஃப் லேடிங் சொன்னால் கெடு மார்ச் 26. எல்.சி. மார்ச் 31 வரை உயிரோடு இருக்கிறதே என்று 29-ஆம் தேதி கொண்டுபோனால் 'தாமதச் சமர்ப்பிப்பு' என்று டிஸ்க்ரிபன்சி (ஆவணக் குறை) விழும். காலாவதி மார்ச் 20 என்றிருந்தால் 21 நாள் கணக்கு உதவாது, 20-ஆம் தேதியே கடைசி.

பொருளின் விவரம் இன்வாய்ஸில் எல்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். எல்.சி.யிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுங்கள், அதில் எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடு. அழகுபடுத்தும் ஆசை வேண்டாம். பொருள் மாறாத சாதாரண எழுத்துப்பிழையை வங்கிகள் குறையாகக் கொள்வதில்லை. மாடல் எண் 321 என்பது 123 ஆனால் அது எழுத்துப்பிழை அல்ல, வேறு பொருள்.

அளவில் சிறு சலுகை உண்டு. எடையிலோ கொள்ளளவிலோ விற்றால், எல்.சி. தடுக்காதவரை, அளவில் 5 சதவீதம் கூடலாம், குறையலாம். பணம் மட்டும் எல்.சி. தொகையைத் தாண்டக்கூடாது. எண்ணிக்கையில் விற்பவர்களுக்கு இது இல்லை. 5,000 பீஸ் என்றால் 5,000 பீஸ்தான். எல்.சி.யில் அளவுக்கு முன்னால் 'சுமார்' என்ற சொல் இருந்தால் 10 சதவீதம் வரை இடம் கிடைக்கும். எண்ணிக்கையில் விற்கிறவர் இந்த ஒரு சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும்.

எடையில் அடிக்கடி நடக்கும் குளறுபடி வேறு. 2016 ஜூலை 1 முதல் கன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் சரிபார்த்த மொத்த எடையைக் கப்பல் கம்பெனிக்குத் தர வேண்டும். அதில் காலிக் கன்டெய்னரின் எடையும் சேரும். பேக்கிங் லிஸ்டில் உள்ள மொத்த எடை சரக்கும் அதன் கட்டும் மட்டுமே. ஃபார்வர்டர் (சரக்கு அனுப்பும் முகவர்) அலுவலகத்தில் யாரோ கன்டெய்னர் எடையும் சேர்ந்த எண்ணை பில் ஆஃப் லேடிங்கில் தட்டிவிட்டால், இரண்டு ஆவணமும் 2,000 கிலோவுக்கு மேல் முரண்படும். பில் ஆஃப் லேடிங்கின் வரைவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டிய கட்டம் இது.

சி.ஐ.எஃப். (காப்பீடும் கப்பல் கட்டணமும் விலையில் சேர்ந்த) விற்பனை என்றால் காப்பீடு குறைந்தது மதிப்பில் 110 சதவீதத்துக்கு, எல்.சி. நாணயத்திலேயே இருக்க வேண்டும். கவர் நோட் (தற்காலிகக் காப்பீட்டுச் சீட்டு) செல்லாது.

எஃப்.ஓ.பி. என்ற பழக்கம்

கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும்வரை விற்பவர் பொறுப்பு) பொருந்தாது என்று, விற்பவர் பொறுப்பு எங்கே முடிகிறது என்று வரையறுக்கும் பன்னாட்டு விதிகளான இன்கோடெர்ம்ஸின் விளக்கங்கள் பல காலமாகச் சொல்லியும் யாரும் விடுவதில்லை. கன்டெய்னரை யார்டில் ஒப்படைத்த பிறகு அது உங்கள் கையில் இல்லை. ஆனால் கப்பலில் ஏறும்வரை சேதம் உங்கள் பொறுப்பு. எஃப்.சி.ஏ. என்றால் யார்டில் ஒப்படைத்ததோடு பொறுப்பு கைமாறும். எல்.சி. 'ஆன் போர்டு' (கப்பலில் ஏறிவிட்டது என்ற குறிப்புள்ள) பில் ஆஃப் லேடிங் கேட்பதால்தான் பலர் எஃப்.ஓ.பி.யைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2020 பதிப்பு அதற்கும் வழி செய்திருக்கிறது: அத்தகைய பில்லை உங்களுக்குத் தரும்படி கப்பல் நிறுவனத்துக்கு வாங்குபவர் சொல்ல வேண்டும் என்று எஃப்.சி.ஏ. ஒப்பந்தத்திலேயே சேர்க்கலாம்.

மரத் தட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த, ஒட்டிச் செய்யாத முழு மரத்தில் செய்த தட்டும் பெட்டியும், உட்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடமாவதோ, அனுமதிக்கப்பட்ட வேறு முறையிலோ பதப்படுத்தப்பட்டு, முத்திரை இடப்பட்டிருக்க வேண்டும். முத்திரை இல்லாத ஒரு தட்டுக்காகக் கன்டெய்னர் முழுவதும் திரும்பலாம். ப்ளைவுட் தட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

குறை சொல்லிவிட்டார்கள், இனி?

டிஸ்க்ரிபன்சி என்றால் பணம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் வங்கியின் வாக்குறுதி கழன்று, முடிவு வாங்குபவர் கைக்குப் போகிறது. அவர் ஏற்றால் பணம் வரும், பெரும்பாலும் தள்ளுபடி கேட்டுக்கொண்டு. துறைமுகத்தில் டெமரேஜ் (சரக்கை எடுக்காமல் தாமதித்தால் விழும் கட்டணம்) ஏற ஏற அவருடைய தைரியம் கூடும். அதனால் கெடுவுக்கு ஏழெட்டு நாள் முன்பே ஆவணங்களைக் கொடுத்துவிடுவது நல்லது. குறை வந்தாலும் திருத்தி மறுபடி கொடுக்க நாள் இருக்கும்.

வங்கிக்கும் கெடு உண்டு, அதை எண்ணிக்கொண்டிருங்கள். ஆவணம் சேர்ந்த மறுநாளிலிருந்து 5 வங்கி நாட்கள். மறுப்பதென்றால் அதற்குள் ஒரே அறிவிப்பில், எல்லாக் குறைகளையும் பட்டியலிட்டு, ஆவணங்களை என்ன செய்யப்போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இன்று ஒரு குறை, அடுத்த வாரம் இன்னொன்று என்று தவணையில் சொல்ல முடியாது. ஆறாவது வங்கி நாள் வந்த மறுப்பு யூ.சி.பி. 600-இன் 16-ஆம் பிரிவின்படி செல்லாது, குறை உண்மையாகவே இருந்தாலும். கூரியர் ரசீதையும், எல்.சி. திறந்த வங்கி ஆவணம் பெற்ற தேதியையும், மறுப்புச் செய்தியின் தேதியையும் ஒரே தாளில் குறித்து உங்கள் வங்கியிடம் கொடுத்து, எழுத்தில் எதிர்ப்புத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.