கியர் காது: டீரெய்லர் ஹேங்கருக்கு நம்மூர்ப் பேரு

திருப்பூர்ல போயி ஹேங்கர் வேணும்னு கேட்டா சட்டை மாட்டறதத்தான் எடுத்து நீட்டுவாங்க, முன்னால டீரெய்லர்னு சேத்திச் சொன்னாலும் லாரி டிரெய்லர் தான் ஞாபகம் வருது. போன மாசம் ஆனைகட்டி ரோட்டுல என்ற ஸ்டீல் சைக்கிள் வலது பக்கமா விழுந்து, டீரெய்லர்ங்கற கியர் மாத்தற கருவி தொங்கற அந்த ஹேங்கர் உள்ள வளைஞ்சுபோச்சு, பட்டறைல பேரு சொல்லத் தெரியாம வெரல வெச்சுத்தான் காட்டினேன். அன்னைலிருந்து இதுக்கு நம்மூர்ப் பேரு என்னங்கறது மனசுலயே கெடக்குது.

பின் சக்கர ஆக்சில் உக்கார்ற பொளவுக்குக் கீழ, வலது பக்கம், ஒரு சின்னத் தகடு நீட்டிக்கிட்டு இருக்கும், அதுல மரை போட்ட ஒரு ஓட்டை. கியர் மாத்தற டீரெய்லர் அந்த ஓட்டைல தான் தொங்குது.

டீரெய்லர் பிரெஞ்சுச் சொல். ரயில் தடம் பொரண்டுருச்சுன்னு பேப்பர்ல போடறாங்கல்ல, அதே வினைதான், செயின ஒரு பல்சக்கரத்துல இருந்து நவுத்தி அடுத்ததுல ஏத்தறதுனால அந்தப் பேரு. அதுக்குள்ள இருக்கற ரெயிலுங்கற சொல்லுக்கு லத்தீன்ல மூலம் ரெகுலா, நேரான கோல்னு அர்த்தம், அது பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீசுக்குப் போயி தண்டவாளமாகி திரும்ப பிரெஞ்சுக்கே வந்துச்சு. டூர் த பிரான்ஸ் ரேஸ்ல இந்தக் கருவிய அனுமதிச்சது 1937ல தான்.

நேரா தமிழாக்குனா தடம்புரட்டி. எனக்கு அதுல சம்மதமில்லைங்க, பொரள்றதுன்னா விபத்து, இங்க நாமளே வேணும்னு மாத்தறோம், அதனால எழுத்துல தடமாற்றி, பேச்சுல கியரே போதும்.

ஹேங்கருக்கு இங்கிலீஷ்காரங்க தொங்கறதப் பாத்துப் பேரு வெச்சாங்க, ஜெர்மன்ல ஓட்டையப் பாத்து கியர் மாத்தற கண்ணுன்னு வெச்சாங்க, பிரெஞ்சுல காலுன்னு. கொக்கின்னு சிலர் சொல்றாங்க, ஆனா கொக்கி ஒரு பக்கம் தெறந்திருக்கும், இது மூடின ஓட்டை. நம்மகிட்ட ஊசிக்குக் காது இருக்குது, அண்டாவுக்குக் காது இருக்குது, வடச்சட்டிக்கும் இருக்குது, உடம்போட ஒட்டி இருந்து ஒண்ணக் கோக்கவோ மாட்டவோ பயன்படறதெல்லாம் காதுதான். அப்ப இது கியர் காது. எழுதறப்ப தடமாற்றிக் காது.

வளைஞ்சதுக்கும் சொல் ஏற்கனவே இருக்குது, சைக்கிள் கடைல ரிம்முக்குக் கோட்டம் எடுக்கறதுன்னு சொல்வாங்கல்ல, அதான். கோடுதல்னா வளையறது, அதுல வந்தது கோட்டம் (மின்வாரியக் கோட்டம் வேற). காதுக்கும் அதையே சொல்லலாம், வேலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

ஸ்டீல் ஃபிரேம்ல காது பெரும்பாலும் ஃபிரேமோட சேந்தே இருக்கும், கழட்டி மாத்த முடியாது, ஆனா ஸ்டீல் வளைஞ்சு குடுக்கும், அதனால நிமுத்தலாம். அலுமினிய ஃபிரேம்ல அது தனியா ஸ்குரூ போட்டு வரும், ஃபிரேமுக்குப் பதிலா தான் வளையணும்னே செஞ்சது, அத நிமுத்தப் போனா வெடிப்பு விட்டுரும், புதுசு போடறதுதான் நல்லது. நிமுத்தறப்ப டீரெய்லரக் கழட்டிட்டு, சக்கரத்த மாட்டி நல்லா டைட் வெச்சுட்டு, காதோட மரைல ஒரு நீளக் கைய (இதுக்குன்னே இருக்கற நெம்புகோல் மாதிரிக் கருவி) முடுக்கி ரிம்முக்கும் அதுக்கும் உள்ள தூரத்த மேல, கீழ, முன்ன, பின்ன நாலு எடத்துலயும் பாக்கணும், ஒவ்வொரு தடவையும் சக்கரத்தச் சுத்தி அதே வால்வு எடத்தக் கொண்டாந்து பாத்தாத்தான் ரிம்மோட கோட்டம் நம்மள ஏமாத்தாது. வித்தியாசம் 4 மில்லிமீட்டருக்குள்ள வந்தாப் போதும். அந்தக் கை இல்லைனா இன்னொரு பின் சக்கரத்தோட 10 மில்லி ஆக்சில், மரைக்கு மரை 1 மில்லி இடைவெளி இருக்கறது, காதோட மரையும் பொதுவா அதே அளவு, அத முடுக்கி ரெண்டு சக்கரமும் இணையா நிக்குதான்னு கண்ணுலயே பாக்கலாம். கேஸ் வெச்சு சூடு மட்டும் காட்டாதீங்க, பெயிண்டும் போயிரும், பக்கத்துல ஒட்டு வெச்ச எடமும் கெட்டுப்போகும். முடுக்குன கையையோ சக்கரத்தையோ புடிச்சு சித்த சித்தமா அமுக்குங்க, முன்னும் பின்னுமா பலதடவ ஆட்டுனா ஸ்டீலும் ஒடிஞ்சுரும்.

வளைஞ்ச காதோட அப்படியே ஓட்டாதீங்க. மேடு ஏறறப்ப பெரிய பல்லுக்கு மாத்துனா டீரெய்லர் சக்கரக் கம்பிக்குள்ள போயிரும், அப்பறம் காது, டீரெய்லர், சக்கரம் மூணும் போகும். இப்ப நான் பட்டறைல இப்படித்தான் சொல்றேன், சொன்னதும் புரிஞ்சுக்கறாங்க: "கியர் காதுல கோட்டம் இருக்குதுங்க, சித்த எடுத்துக் குடுங்க."